பழுதைத் தாங்கும் விமானக் கட்டுப்பாடு

1953ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் மாலை, கல்கத்தாவின் டம் டம் விமான நிலையத்திலிருந்து காமெட் வகை ஜெட் விமானம் ஒன்று தில்லி நோக்கிப் புறப்பட்டது. அது சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்று கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானம். உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாள் அது. புறப்பட்ட ஆறு நிமிடங்களுக்குள் விமானம் இடிமழைப் புயலில் சிக்கி வானிலேயே உடைந்தது. நகருக்கு வடமேற்கே ஜகல்கோரி என்னும் சிற்றூரின் வயல்வெளிகளில் சிதறல்கள் பல மைல் நீளத்திற்குக் கிடந்தன. விமானத்தில் இருந்த 43 பேரும் உயிரிழந்தனர்.

சித்திரை, வைகாசி மாதங்களில் வங்காளத்தின் மீது மாலை வேளைகளில் திடீரென்று எழும் புயற்காற்றை அந்நாட்டு மக்கள் கால்பைசாகி என்று அழைப்பர். இந்திய அரசு அமைத்த விசாரணை நீதிமன்றம், கடும் புயற்காற்றில் விமானத்தின் கட்டமைப்பு முறிந்தது என்று முடிவு செய்தது. காற்றின் தாக்குதலே முறிவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம். அல்லது விமானி அளவுக்கு மீறிக் கட்டுப்பாட்டுத் தண்டை இயக்கியதும் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. இவ்விரண்டாவது கருத்தே இக்கட்டுரையின் பொருளுக்கு வாயிலாக அமைகின்றது.

பழைய விமானங்களில் விமானியின் கைக்கும் வாற்பகுதியிலுள்ள சுக்கானுக்கும் இடையே கம்பிகளும் கப்பிகளும் இருந்தன. காற்றின் எதிர்ப்பு அக்கம்பிகளின் வழியே திரும்பிவந்து கையை அழுத்தும். வேகம் கூடக் கூடத் தண்டை அசைப்பது கடினமாகும். எல்லையை மீறுகின்றோம் என்பதைக் கையே உணர்த்தும். காமெட் விமானத்திலோ சுக்கான்கள் முழுவதும் ஹைட்ராலிக் விசையினால் இயங்கின. காற்றின் உண்மையான எதிர்ப்பு விமானியின் கையை எட்டவில்லை. புயலுக்குள் விமானம் தலைகீழாகச் சரியும்போது அதை மீட்க முயலும் விமானி, சிறகு தாங்கும் அளவுக்கு மேல் தண்டை இழுத்துவிடக்கூடும். விசாரணைக்குப் பின்னர்க் காமெட் விமானங்களில் காற்றின் அழுத்தத்திற்கு ஏற்பத் தண்டு கனக்கும்படியான செயற்கை உணர்வு ஏற்பாடும், வானிலை ராடாரும் பொருத்தப்பட்டன. புயற்காற்றுப் பகுதிகளில் வேக வரம்பும் கடுமையாக்கப்பட்டது.

உலோகச் சோர்வைப் பற்றி அன்றைய விசாரணை கருதவில்லை. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் மத்தியதரைக் கடற்பகுதியில் மேலும் இரண்டு காமெட் விமானங்கள் வீழ்ந்த பின்னர், இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் முழு விமானத்தையும் நீர்த்தொட்டிக்குள் வைத்துச் சோதித்தபோதுதான் உடற்கூட்டின் உலோகச் சோர்வு வெளிப்பட்டது. கல்கத்தா விபத்திற்கும் அதுவே காரணம் என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. எனினும், பழுது நேர்ந்தது என்பதை அறிவதும், எந்தப் பழுது என்பதை அறிவதும் வெவ்வேறு பணிகள் என்பது அந்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. பின்னதற்கு வானில் விமானிக்குக் கிடைப்பவை சில விநாடிகளே.

மாற்று ஏற்பாடுகளும் அவற்றின் எல்லையும்

பழுதைத் தாங்குவதற்குப் பொறியியல் கண்ட முதல் வழி மிக எளியது. ஒன்றுக்குப் பதிலாக மூன்றோ நான்கோ வைத்துக்கொள்வது. இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன்னியல்பாக நிலைப்புக் குன்றியதாகவே வடிவமைக்கப்பட்ட அவ்விமானத்தைக் கணிப்பொறியின் இடைவிடாத துணையின்றி எவராலும் பறக்கச் செய்ய இயலாது. ஆகவே அதன் கட்டுப்பாட்டு அமைப்பு நான்கு இணை வழிகள் கொண்டதாக உருவாக்கப்பட்டது. நான்கு வழிகளின் விடைகளும் ஒப்பிடப்படும். ஒன்று மாறுபட்டால் அது விலக்கப்படும். இதற்கான கட்டுப்பாட்டு விதிகளை வகுக்கப் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தை மையமாகக் கொண்டு 1992இல் தேசியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1998 அணுச் சோதனைகளுக்குப் பின்னர் அமெரிக்க ஒத்துழைப்பு நின்றபோது எஞ்சிய பணியை இந்தியப் பொறியாளர்களே முடித்தனர். 2001 ஜனவரி 4 அன்று அவ்விமானம் முதன்முறையாகப் பறந்தது.

ஆயினும் பெரும்பான்மை வாக்கு எப்போதும் உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.10 விமானத்தில் வாற்பகுதி எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. ஒன்றற்கொன்று மாற்றாக வைக்கப்பட்ட மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரே நொடியில் அறுபட்டன. மூன்றின் குழாய்களும் வாற்பகுதியில் அருகருகே சென்றதே காரணம். இருபுறத்து எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டியும் குறைத்தும் விமானிகள் அதைச் சூ சிட்டி நிலையம் வரை கொண்டு சேர்த்தனர். 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். சுக்கான்கள் அனைத்தும் செயலிழந்த நிலையிலும் விமானத்திடம் ஏதோ ஒரு திறன் எஞ்சியிருந்தது என்பதை அவர்கள் கையினாலேயே மெய்ப்பித்தனர் எனலாம். அதே வித்தையைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா முனைந்தது. 1995 ஆகஸ்டில் எம்.டி.11 விமானம் ஒன்று, எஞ்சின் விசையை மட்டும் கணிப்பொறி ஆளத் தரையிறங்கியது.

எஞ்சியிருக்கும் திறன்களைக் கொண்டு இயன்றதைச் செய்வது என்னும் இக்கருத்தைப் பொதுவிதியாக்க முயல்வதே பழுதைத் தாங்கும் முன்கணிப்புக் கட்டுப்பாடு.

சுழல் திட்டமும் முன்கணிப்பும்

இம்முறையைப் புரிந்துகொள்ள இந்தியத் திட்டமிடலின் வரலாற்றிலேயே ஓர் ஒப்புமை உண்டு. 1978 ஏப்ரலில், ஐந்தாம் திட்டத்தை ஓராண்டு முன்னதாகவே முடித்துவிட்டு, ஜனதா அரசு சுழல் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐந்தாண்டுகளுக்குத் திட்டமிடுவது, ஆனால் முதலாண்டை மட்டும் செயற்படுத்துவது, ஆண்டிறுதியில் நிலைமையை அளந்து, மேலும் ஓராண்டைச் சேர்த்து, மீண்டும் ஐந்தாண்டுகளுக்குத் திட்டமிடுவது என்பதே அதன் அடிப்படை. 1980இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது.

முன்கணிப்புக் கட்டுப்பாடும் இதனையே செய்கின்றது. ஆண்டுகளுக்குப் பதிலாக விநாடியின் சிறு பகுதிகளில் செய்கின்றது. கணிப்பொறிக்குள் விமானத்தின் கணித உருமாதிரி ஒன்று இருக்கும். அடுத்த சில விநாடிகளில் எந்தச் சுக்கானை எவ்வளவு திருப்பினால் விமானம் எங்கே இருக்கும் என்பதை அது கணிக்கும். வேண்டிய பாதையிலிருந்து விலகல் மிகக் குறைவாக இருக்கும்படியான கட்டளைத் தொடர் ஒன்றைக் கணிப்பொறி தேர்ந்தெடுக்கும். அத்தொடரில் முதற் கட்டளை மட்டுமே நிறைவேற்றப்படும், மற்றவை நீக்கப்படும். அடுத்த அளவீடு வந்ததும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இம்முறை விமானத்திற்காகப் பிறந்ததன்று. 1970களில் பிரான்சில் ரிஷலே என்பவரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்களும் தொழிற்சாலைகளுக்காக இதனைத் தனித்தனியே உருவாக்கினர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெப்பமும் அழுத்தமும் மெல்ல மாறுகின்றன. கணக்கிடுவதற்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலும் போதும். விமானத்தில் அதே கணக்கை விநாடிக்கு இருபது முறையோ அதற்கு மேலோ செய்து முடிக்க வேண்டும். அன்றைய கணிப்பொறிகளுக்கு இது எட்டாதது. கணிப்பொறியின் வேகம் பெருகிய பின்னரே விமானத் துறையின் பார்வை இதன் பக்கம் திரும்பியது.

இம்முறையின் தனிச்சிறப்பு வரம்புகளைக் கணக்கின் உள்ளேயே வைத்துக்கொள்வதாகும். சுக்கான் இத்தனை பாகைக்கு மேல் திரும்பாது, இத்தனை வேகத்திற்கு மேல் அசையாது, சிறகு இவ்வளவு சுமைக்கு மேல் தாங்காது என்பவை யாவும் நிபந்தனைகளாக எழுதப்படும். பற்றாக்குறை வளங்களைப் பங்கிடும் திட்ட மாதிரிகளைக் கற்ற பொருளாதார மாணவருக்கு இவ்வகைக் கணக்கு புதிதன்று. பழுது நேரும்போது இதன் பயன் நன்கு விளங்கும். திசைச் சுக்கான் 3 பாகையில் சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொண்டால், அதன் கீழ்வரம்பும் மேல்வரம்பும் 3 என்று மாற்றி எழுதினால் போதும். பழுதுக்கெனத் தனிக் கட்டுப்பாட்டு விதி ஒன்றை முன்கூட்டியே வகுத்து வைக்க வேண்டியதில்லை. எஞ்சிய சுக்கான்களுக்கும் எஞ்சின்களுக்கும் வேலை தானாகவே பகிர்ந்தளிக்கப்படும். டம் டம் விமானத்தில் செயற்கைக் கனத்தைக் கொண்டு விமானிக்கு உணர்த்த வேண்டியிருந்த சுமை எல்லை, இங்கே நிபந்தனைகளுள் ஒன்றாகிவிடுகின்றது.

சுழல் திட்டத்தின் மீது அந்நாளில் கூறப்பட்ட குறையும் இம்முறைக்குப் பொருந்துகின்றது. இலக்கு ஆண்டுதோறும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், அதை அடைய வேண்டிய கடமை யாருக்கும் இல்லாது போய்விடும் என்று விமர்சகர்கள் கூறினர். அது நியாயமான குறையே. முன்கணிப்புக் கட்டுப்பாட்டிலும், ஒவ்வொரு நொடியும் சிறந்த முடிவாகத் தோன்றுவதைச் செய்துகொண்டே போய் இறுதியில் விமானத்தை நிலைகுலையச் செய்வதற்கு இடமுண்டு. எனவே கணிக்கப்படும் காலத்தின் இறுதியில் விமானம் பாதுகாப்பான நிலை ஒன்றில் இருந்தே தீரவேண்டும் என்னும் இறுதி நிபந்தனை சேர்க்கப்படுகின்றது. நிலைப்பைக் கணித முறையில் உறுதிசெய்வது பெரும்பாலும் இந்நிபந்தனையே.

மகலனோபிசின் தொலைவு

வரம்பை மாற்றி எழுதினால் போதும் என்பது சரியே. ஆனால் சுக்கான் சிக்கியது என்று கணிப்பொறிக்கு எவர் சொல்வது? இங்கேதான் கொல்கத்தாவின் மற்றொரு பங்கு வருகின்றது. டம் டம்மிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பாராநகரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அமைந்துள்ளது. 1931இல் அதனை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பியாகவே இத்துறையினரால் நினைக்கப்படுகின்றார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர், 1920களில் அலிப்பூர் வானிலை ஆய்வகப் பொறுப்பையும் வகித்தவர். 1920இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில் விலங்கியல் அறிஞர் அன்னன்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராயுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். பல அளவுகளைக் கொண்டு இரு மக்கட் குழுக்கள் ஒன்றற்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை அளப்பது எப்படி என்ற வினா அதிலிருந்து எழுந்தது. 1936இல் அவர் வெளியிட்ட பொதுமைப்படுத்தப்பட்ட தொலைவு என்னும் கருத்து அதற்கு விடையாயிற்று. உலகம் அதை இன்று மகலனோபிஸ் தொலைவு என்றே வழங்குகின்றது.

விமானத்தில் அது பயன்படும் விதத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். விமானத்தின் இடப்புறமும் வலப்புறமும் காற்றுவேகத்தை அளக்கும் உணர்கருவிகள் உள்ளன. உருமாதிரி கணித்த வேகத்திற்கும் கருவி காட்டிய வேகத்திற்கும் உள்ள வேறுபாட்டை எச்சம் எனலாம். ஒவ்வொரு கருவியின் எச்சத்திற்கும் திட்ட விலக்கம் 1 அலகு என்றும், இரண்டுக்குமிடையே ஒட்டுறவு 0.9 என்றும் கொள்வோம். காற்றுக் குமுறல் ஒன்று தாக்கினால் இரு கருவிகளும் ஒருங்கே 2 அலகு கூடுதலாகக் காட்டக்கூடும். மாறாக, ஒன்று 2 கூடுதலாகவும் மற்றது 2 குறைவாகவும் காட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் இரு நிலைமைகளிலும் ஒவ்வொரு கருவியும் ஒரே அளவே விலகியுள்ளது. ஆனால் மகலனோபிஸ் தொலைவின் வர்க்கம் முதல் நிலைமையில் ஏறத்தாழ 4.2; இரண்டாவதில் 80. நூற்றில் ஒரு பிழையை ஏற்கும் எல்லை 9.21 ஆகும். முன்னது வானிலை, பின்னது பழுது. கால்பைசாகிக் காற்றையும் கெட்டுப்போன கருவியையும் இந்த ஒரே எண் பிரித்தறிகின்றது.

எனினும் நூற்றில் ஒன்று என்பது விமானத்திற்குச் சிறிய எண்ணன்று. விநாடிக்கு 50 முறை சோதித்தால், பழுதே இல்லாத விமானத்திலும் சராசரியாக இரண்டு விநாடிக்கு ஒருமுறை பொய் எச்சரிக்கை எழும். ஆகவே எல்லையை உயர்த்த வேண்டும். அல்லது எல்லையை மீறுதல் பல முறை தொடர்ந்தால்தான் பழுதென ஏற்க வேண்டும். இரண்டுமே உண்மையான பழுதைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தும். எல்லையை எங்கே வைப்பது என்பது கணிதம் மட்டும் விடையளிக்கும் வினாவன்று. தவறான எச்சரிக்கையின் விலையையும், தாமதமான எச்சரிக்கையின் விலையையும் எவரோ ஒருவர் எடை போட்டாக வேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. இரு கருவிகளும் பனிக்கட்டியால் ஒருங்கே அடைபட்டு ஒரே திசையில் பொய் சொன்னால், மேற்கண்ட சோதனை அதனையும் வானிலை என்றே கொள்ளும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகத்தை அளக்கும் குழல்களைப் பனித்துகள்கள் அடைத்தன. தானியங்கி விமானி விலகிக்கொள்ள, குழப்பமுற்ற விமானிகள் விமானத்தின் ஏந்துவிசையை இழக்கச் செய்தனர். 228 பேர் மாண்டனர். ஒரே வகைக் கருவிகளை எத்தனை வைத்தாலும் பொதுவான காரணம் ஒன்று அனைத்தையும் வீழ்த்திவிடும். எடை, எஞ்சின் விசை, காற்றைச் சந்திக்கும் கோணம் ஆகிய வேறு வகை அளவுகளிலிருந்து வேகத்தை மறைமுகமாகக் கணித்து ஒப்பிடுவதே இதற்குப் பரிகாரம். இதற்கும் நம்பகமான கணித உருமாதிரியே அடிப்படை.

ஆம்ஸ்டர்டாம் விபத்தின் மறு ஆய்வு

இம்முறையின் ஆற்றலை நிறுவுவதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி 1992 அக்டோபர் 4 அன்று நேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்பட்ட எல் ஆல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில், வலப்புற எஞ்சின் ஒன்று கழன்று அடுத்த எஞ்சினையும் அடித்துக்கொண்டு போயிற்று. சிறகின் முன்விளிம்பு சிதைந்தது. ஹைட்ராலிக் அமைப்புகளில் பாதி செயலிழந்தது. இரு எஞ்சின்களும் விசை இழந்தன என்று விமானிகள் அறிந்திருந்தனரேயன்றி, அவை சிறகிலேயே இல்லை என்பதை அறியவில்லை. வேகம் மிகுந்திருந்தவரை விமானம் ஒருவாறு கட்டுக்குள் இருந்தது. தரையிறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தபோது கட்டு மீறி அடுக்குமாடி வீடுகளின் மீது வீழ்ந்தது. தரையில் இருந்தோர் உட்பட 43 பேர் மாண்டனர்.

2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாசியோவ்ஸ்கி, ஜோன்ஸ் ஆகிய இருவரும் இவ்விமானத்தின் கணித உருமாதிரியைக் கொண்டு அப்பறப்பை மீண்டும் ஆராய்ந்தனர். முன்கணிப்புக் கட்டுப்பாடு அமைந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பழுதுற்ற விமானத்தின் தன்மையைக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிந்திருக்கின்றது என்பது அம்முடிவின் அடிப்படை. இதனை மறந்து முடிவை மட்டும் எடுத்துரைப்பது பொருந்தாது. எஞ்சின்கள் கழன்றதை விமானிகளே அறியாதபோது, கணிப்பொறிக்கு அது எப்படித் தெரிய வரும் என்பதே கடினமான பகுதி. கட்டுப்பாட்டைப் பற்றிய ஆய்வுகள் விரைந்து வளர்ந்த அளவிற்குப் பழுதைக் கண்டறியும் கலை வளரவில்லை என்றே கூற வேண்டும்.

சான்று வழங்குவோரின் தயக்கம்

ஆய்வுக்கூடத்திலும் பாவனை இயந்திரங்களிலும் இவ்வளவு நற்பெயர் பெற்ற முறை, பயணிகள் விமானங்களின் அடிப்படைக் கட்டுப்பாட்டில் இன்னும் இடம்பெறாமைக்குக் காரணங்கள் உண்டு. பேரழிவை விளைவிக்கக்கூடிய பழுது நேரும் வாய்ப்பு, நூறு கோடி பறப்பு மணிகளுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது பெரிய பயணிகள் விமானங்களுக்கான அளவுகோல். மரபான கட்டுப்பாட்டு விதி ஒன்று எந்நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்னரே வரைந்து காட்டலாம். முன்கணிப்பு முறையிலோ ஒவ்வொரு கட்டளையும் அந்தக் கணத்தில் கணக்கிட்டுப் பெறப்படுகின்றது. குறித்த நேரத்திற்குள் விடை கிடைத்தே தீரும் என்பதையும், நிபந்தனைகள் ஒன்றற்கொன்று முரண்பட்டு விடையே இல்லாத நிலை வந்தால் என்ன செய்யப்படும் என்பதையும் நிறுவியாக வேண்டும். எந்த நிபந்தனையை முதலில் தளர்த்துவது? இருக்கையின் வசதியையா, பாதையின் துல்லியத்தையா, சிறகின் சுமை எல்லையையா? இவ்வரிசையை வடிவமைப்பாளர் தரையிலேயே எழுதிவைக்க வேண்டியிருக்கின்றது.

சான்று வழங்கும் அதிகாரிகளின் தயக்கத்தைப் பழமைப் பற்று என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் வீழ்ந்த போயிங் 737 மேக்ஸ் விமானங்களில் மொத்தம் 346 பேர் உயிரிழந்தனர். மூக்கைத் தாழ்த்தும் தானியங்கி ஏற்பாடு ஒன்று அவற்றில் இருந்தது. காற்றுக் கோணத்தை அளக்கும் கருவிகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தும், அவ்வேற்பாடு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. அது பொய் சொன்னபோது விமானியின் கையை எதிர்த்து மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. இங்கே குறைந்தது உயர்ந்த கணிதமன்று. இரண்டு எண்களை ஒப்பிடும் சாதாரண எச்சரிக்கையே. இந்திய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2019 மார்ச்சில் அவ்வகை விமானங்களை நிறுத்தி வைத்து, 2021 ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது. திருத்தப்பட்ட மென்பொருள் இரு கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றது.

ஆகவே இடைவழியொன்றே இப்போது நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. மெய்ப்பிக்கப்பட்ட மரபுவிதி அடித்தளமாக இருக்கும். முன்கணிப்பு அமைப்பு அதற்கு மேலமர்ந்து பாதையையும் வேகத்தையும் வகுத்துத் தரும். குறித்த நேரத்தில் அதனிடமிருந்து விடை வராவிட்டால் மரபுவிதி தானே ஆளும். ஆளில்லா விமானங்களில் உயிரிழப்பு அச்சம் குறைவாதலால், இம்முறைக்கான பயிற்சிக்களம் அங்கே எளிதாக அமைகின்றது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் கட்டுப்பாட்டியலை ஒரு துறையினரும், புள்ளியியலை மற்றொரு துறையினரும் தனித்தனியே கற்பிக்கின்றனர். எச்சத்தை உருவாக்குவோர் முன்னவர்; அதன் எல்லையை வகுப்பதற்குரிய அறிவு பின்னவரிடம் உள்ளது. சான்று வழங்கும் அலுவலகங்களில் அமரப்போகும் இளம் பொறியாளர்கள் இவ்விரு துறைகளையும் ஒருசேரக் கற்றவர்களாக இருந்தாலன்றி, விமானம் தயாரிப்போர் கொண்டுவரும் எல்லை மதிப்புகளை அவர்கள் கேள்வி கேட்பது அரிது.